கெஸாயா யார் வீட்டுப் பெண்

நேடீன் பர்செட் தன் மூதாதையைக் கண்டுபிடித்துவிட்டாள் என்ற சேதி, அழகு நிலையத்தில் ஓலீட்டா தலை முழுக்கச் சுருள் மாட்டி உட்கார்ந்திருக்கும்போது வந்தது. எழுந்து போகவும் வழியில்லை. "ரொம்ப சந்தோஷம்" என்று எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். கண்ணாடியில் தெரிந்த முகம் அதை நம்பவில்லை.

வயிறு எரியாமல் என்ன செய்யும்? அமெரிக்காவில் கென்டக்கி மலைப்பக்கத்து மாவட்டமான அந்தச் சின்ன கவுன்டியில், ஓலீட்டா சைஸ்மோர் ஒன்பது வருஷமாக ஒரே ஒருத்தியைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் கொள்ளுத்தாத்தாவின் தாய், கெஸாயா. கல்லறைக் கல்லில் 'மைக்காஜா சைஸ்மோரின் மனைவி கெஸாயா' என்று இருக்கிறதே தவிர, யார் பெற்ற பெண் என்று இல்லை. 1810 சென்சஸில், அதாவது குடிக்கணக்கில், குடும்பத் தலைவன் பெயரை மட்டும்தான் எழுதுவார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் வயதுக் கட்டத்துக்குள் வெறும் எண்கள். ஏதோ ஒரு வீட்டின் எண்ணுக்குள் கெஸாயா ஒளிந்திருந்தாள். எந்த வீடு என்பதுதான் தெரியவில்லை.

அது தெரிந்தால்தான் கவுன்டி வம்சாவளிச் சங்கத்தின் ஜூன் மாத விருந்தில் மேடை ஏறலாம். 1810-க்குள் தங்கள் முன்னோர் இந்த கவுன்டியில் குடியிருந்தார்கள் என்று நிரூபித்தவர்களுக்கு 'முதல் குடி' பதக்கம் குத்துவார்கள். மைக்காஜாவோ அதற்குப் பிறகு இங்கே வந்தவன். மற்றவர்களின் காகிதங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு ஓலீட்டாவுக்கு. ஒவ்வொரு வருஷமும் யார் யாருக்கோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, விருந்தில் கீழே உட்கார்ந்து கை தட்டுவாள். அவள் சட்டையில் மட்டும் பதக்கம் இல்லை.

நேடீன் இந்த வேலையில் இறங்கியதே போன ஜனவரியில்தான். குளிருக்கு ஒதுங்க, பழைய பதிவுகள் இருக்கும் கோர்ட்டுக்குள் நுழைந்தாள், ஒரு இழுப்பறையைத் திறந்தாள், கையில் வந்து விழுந்தது என்று சர்ச் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மறுநாள் அவளே காகிதங்களோடு வந்தாள்.

"நீதான் பார்க்கணுமாமே ஓலீட்டா. மெதுவாப் பாரு, அவசரமே இல்ல. மேடைக்குப் போட்டுக்கத் துணி மட்டும் தைக்கக் குடுத்துட்டேன்."

"குடுத்துட்டியா? அளவைத் தாராளமா எடுத்தானா பாத்துக்க. கேக் நிறைய சாப்பிடற."

"போடி. உனக்கு இன்னும் உன் ஆளு அகப்படலையா? பாவம். ஒரு நாள் நான் வேணா கூட வரட்டுமா? எனக்குக் கைராசி."

அவள் போன பிறகு ஓலீட்டா காகிதத்தைப் பிரித்தாள். 1814 மார்ச்சில் எழுதிய கல்யாணப் பிணைப் பத்திரம். ஆப்னர் பர்செட், எலைஜா ஹோல்புரூக்கின் மகள் கெஸாயாவை மணக்கப்போவதாக ஒப்புக்கொண்டிருந்தான். பெண்ணின் தகப்பன் எலைஜாவே பிணை நின்றிருந்தார். மனைவி பெயரையும் எழுதத் தொடங்கிய 1850-க்கு முன்பே ஆப்னரின் மனைவி செத்துப்போனதால், எந்த சென்சஸிலும் அவள் பெயர் இல்லை. இந்தப் பத்திரம்தான் நேடீனின் ஒரே ஆதாரம். ஆப்னர் பின்னால் குடிவந்தவன்; எலைஜாவோ 1810 சென்சஸில் சட்டமாக உட்கார்ந்திருந்தார்.

கெஸாயா! பெயரைக்கூட விட்டு வைக்கவில்லையே இவள் என்று ஓலீட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் அந்த மலையில் கெஸாயாக்களுக்குக் குறைச்சலில்லைதான். ஆனாலும்.

அப்போதுதான் உறைத்தது. பிணைப் பத்திரம் என்பது கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்ற வாக்குத்தானே. கல்யாணம் நடந்ததற்கு, நடத்திவைத்த பாதிரியார் கோர்ட்டில் கொடுக்கும் பட்டியல்தான் சாட்சி. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் சறுக்கும் இடம் இது. நேடீனும் சறுக்கியிருந்தால்?

நூலகத்துக்குப் போய், அந்தப் பட்டியல்களைப் படமெடுத்து வைத்த பிலிம் சுருளைக் கருவியில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினாள். 1814-இல் இல்லை. அடுத்த வருஷத்திலும் இல்லை. அவளுக்குச் சந்தோஷம் ஏறிக்கொண்டே போனது. இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்வதற்காகச் சுருளின் கடைசிவரை போனாள். தன் கெஸாயாவுக்காகத் தேடியபோது அவ்வளவு தூரம் அவள் போனதே இல்லை. குதிரையில் ஊர் ஊராகச் சுற்றிய ஒரு பாதிரியார், பல வருஷத்துக் கல்யாணங்களைச் சேர்த்துவைத்து 1819-இல்தான் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

'மைக்காஜா சைஸ்மோர், கெஸாயா ஹோல்புரூக். நவம்பர் 1814.'

ஓலீட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆப்னருக்கு நிச்சயம் பண்ணிய பெண் அவனை விட்டுவிட்டு மைக்காஜாவைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். எலைஜா ஹோல்புரூக் நேடீனுக்கு இல்லை. தனக்கு!

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். நாலு வரி கீழே இன்னொன்று இருந்தது. 'ஆப்னர் பர்செட், டார்கஸ் ஹோல்புரூக். பிப்ரவரி 1817.' எலைஜா வீட்டு சென்சஸ் வரியில் பத்திலிருந்து பதினைந்து வயதுக் கட்டத்தில் இரண்டு பெண்கள். அக்காவும் தங்கையும்.

கீழ் வரி தெரியாமல் மேல் பாதியை மட்டும் நகல் எடுத்தாள்.

சனிக்கிழமை நூலக அறையில் கூட்டம். சங்கத் தலைவர் ராய்ஸ் டாக்கெட் ஓய்வுபெற்ற நில அளவைக்காரர். ஓலீட்டா நகலை மேஜையில் வைத்து, குரலை உயர்த்தாமல் சொல்லி முடித்தாள். ஆப்னருக்கும் கெஸாயாவுக்கும் கல்யாணமே நடக்கவில்லை. கெஸாயா எங்கள் வீட்டுக்கு வந்தவள்.

கைதட்டலுக்குக் காத்திருந்தாள்.

நேடீன் 'ஓ'வென்று அழுதாள். உடனே நாலு பேர் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள், ஒருத்தி முதுகைத் தடவினாள். ராய்ஸ்கூடத் தன் கைக்குட்டையை நீட்டினார். "தைக்கக் குடுத்த துணி வேற..." என்று விம்மினாள் நேடீன். "ஐயோ கண்ணு" என்றது அறை முழுவதும். ஒன்பது வருஷத் தேடல் பலித்ததே, எப்படிக் கிடைத்தது என்று ஓலீட்டாவை ஒருவரும் கேட்கவில்லை. ஜெயித்தவள் ஓரமாக நிற்கிறாள், தோற்றவளுக்குத் திருவிழா நடக்கிறது.

அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"போதும்டி அழுதது!" என்று கத்தினாள். "டார்கஸ்!"

"யாரு டார்கஸ்?" என்றார் ராய்ஸ்.

"கெஸாயாவோட தங்கச்சி. ஆப்னர் பின்னால அவளைக் கட்டிக்கிட்டான். அதே பட்டியல், அதே பாதிரியார். எலைஜா இவளுக்கும் உண்டு. தூக்கிட்டுப் போகட்டும்."

ராய்ஸ் நகலை எடுத்துப் பார்த்தார். அது பாதியில் வெட்டுப்பட்டிருந்ததையும் பார்த்தார். ஒரு கணம் ஓலீட்டாவின் முகத்தையும் பார்த்துவிட்டு, நகலை மேஜையில் வைத்தார். ஓலீட்டாவுக்குக் காது சுட்டது.

நேடீன் மூக்கை உறிஞ்சினாள். "அப்ப நீயும் நானும் சொந்தமா?"

"தூரத்துச் சொந்தம்."

"எங்க பாட்டியும் உங்க பாட்டியும் கூடப் பொறந்தவங்கடி!"

"மூத்தவ எங்க பாட்டி. எங்க பாட்டி வேண்டாம்னு விட்டவனைத்தான் உங்க பாட்டி கட்டிக்கிட்டா. அதையும் சேர்த்து எழுதிக்க."

அறை சிரித்தது. இப்போதுதான் ஓலீட்டாவுக்கு மூச்சு வந்தது.

நேடீன் ராய்ஸின் கைக்குட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "விட்டவன்தான். ஆனா ஆத்தோரமா அத்தனை நிலம் வெச்சிருந்தான் ஆப்னர். உங்க மைக்காஜாகிட்ட என்ன இருந்துச்சு? ஒரு குதிரையாவது இருந்துச்சா?"

அறை இன்னும் பலமாகச் சிரித்தது.

இரண்டு பதக்கத்துக்கும் ராய்ஸ் கையெழுத்துப் போட்டார். விருந்தில் இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும் என்றும் முடிவானது. ஓலீட்டா தலையை ஆட்டினாள். அவள் காதில் ஏதும் விழவில்லை. கூட்டம் கலைவதற்குள் கைப்பையை மாட்டிக்கொண்டு முன்னறைக்குப் போய், அங்கே மேஜை முன் உட்கார்ந்திருந்த நூலகப் பெண்ணிடம் குனிந்து கேட்டாள்.

"ஏம்மா, நிலம், குதிரைக்கெல்லாம் போட்ட பழைய வரிக் கணக்குச் சுருள் எந்த அலமாரில இருக்கு? 1820-லேர்ந்து பாக்கணும்."