பத்து, இன்னும் பத்து

என் அக்காள் கணவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் சதவீதம். தொழில் முதலீட்டு ஆலோசனை. குழந்தை பிறந்த சேதியைச் சொன்னால்கூட, அதன் பேரில் எதில் எத்தனை சதவீதம் போடலாம் என்று ஆரம்பித்துவிடுவார்.

எங்கள் சேமிப்பு முழுவதும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. என் மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கும் இடத்தை அதன் சொந்தக்காரர் அடுத்த வருடம் விற்கிறார். அதை வாங்க முதல் உரிமை எங்களுக்கு. பணம் குறைந்தால் பதினெட்டு வருடக் கடையை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆரம்பத்திலேயே அத்தான் தெளிவாகச் சொல்லியிருந்தார். பங்குகளில் முப்பது, பத்திரங்களிலும் வங்கி வைப்பிலும் எழுபது. சந்தை எப்படி ஆடினாலும் வருடத்துக்கு ஒருமுறை அதே அளவுக்குக் கொண்டுவருவது. அதுதான் அடிப்படைத் திட்டம். நடுவில் வாய்ப்புத் தெரிந்தால் பத்து சதவீதம் மட்டும் நகர்த்தி, சில வாரங்களில் திரும்பிவிடலாம். அது தற்காலிகம்.

போன வாரம் வந்த அறிக்கையில் பங்குகள் அறுபது என்று இருந்தது. மூன்று முறை பத்துப் பத்தாக நகர்ந்திருக்கிறது, ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் என் கணவர். "ஒவ்வொரு தடவை நகர்த்தும்போதும் உங்க அத்தானுக்குக் கமிஷன். சொந்தக்காரன்னு நம்பினா இப்படித்தான்."

ஆறு மாதமாகவே இதைத்தான் என் காதில் ஓதிக்கொண்டிருந்தார். எனக்கும் அத்தானின் புதுக் கார், புது நாற்காலி எல்லாம் கண்ணை உறுத்த ஆரம்பித்திருந்தன.

"நீ கடையப் பாரு. நான் போய்ப் பேசிக்கிறேன்" என்றார். நான் கேட்கவில்லை. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு நானே போனேன்.

அத்தான் தண்ணீர் கொடுத்தார். நான் தொடவில்லை.

"பத்துன்னு சொல்லிட்டு முப்பது நகர்த்தியிருக்கீங்க. எதுல எவ்வளவு அடிச்சீங்க?"

அவர் முகம் சுண்டிப்போனது. எங்கள் கணக்குக் கோப்பு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"நகர்த்தச் சொல்லி வந்த கடிதம் மூணும் இருக்கு, பாரும்மா. முப்பதுலேருந்துதான் பத்துன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'இப்ப நிக்கிற இடத்துலேருந்து பத்து'ன்னு சண்டை போட்டு எழுதிக் கொடுத்தாரு. உனக்குத் தெரியாதுன்னு நான் நினைக்கவே இல்ல."

மூன்றிலும் என் கணவரின் கையெழுத்து. கணக்கு தொடங்கிய படிவமும் அதே கோப்பில் இருந்தது. யார் கையெழுத்து செல்லும் என்பதற்கு 'இருவரும் சேர்ந்து', 'இருவரில் ஒருவர்' என்று இரண்டு கட்டங்கள். அடிக்கடி கடையைப் பூட்டிவிட்டு வர முடியாது என்று இரண்டாவது கட்டத்தில் குறி போட்டவள் நான்தான். அத்தானின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"எவ்வளவு போச்சு?"

"பங்கு விலை விழுந்ததுல, மொத்தச் சேமிப்புல அஞ்சுல ஒண்ணு. இன்னிக்கே முப்பதுக்குத் திருப்பிடறேன். போனது போனதுதான்."

அந்த அளவு குறைந்தால் கடை கைக்கு வராது. திருப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தேன்.

வீட்டில் கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னான்?" என்றார்.

"அத்தான் மேல தப்பே இல்லையாம்."

"அப்படியா" என்று அடுத்த சட்டையை எடுத்து உதறினார். அப்படியென்றால் யார் மேல் தப்பு என்று அவர் கேட்கவே இல்லை.