மலைக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கோட்டு

சலவைக்கடைக்கார அக்கா காலையில் கடையைத் திறந்தபோது வாசலில் தெருவைக் காணோம். ஒரு மலை நின்றது. மலையில் அருவி, அருவிப் பக்கம் இரண்டு மான். எல்லாம் துணியில் அச்சடித்தது. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே திரை.

"என்னப்பா இது?" என்று கயிறு இழுத்துக்கொண்டிருந்த ஆளைக் கேட்டாள்.

"பக்கத்து நாட்டு ஜனாதிபதி நாலு மணிக்கு இந்த வழியாப் போறாரும்மா. தெரு அவர் கண்ணுல படக்கூடாதாம்."

"யார் உத்தரவு?"

"பிரதமரே சொன்னாராம்."

அக்கா உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணினாள். பிரதமர் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. விருந்துக்கு அவர் போடவேண்டிய கறுப்புக் கோட்டு அவள் மேசைமேல்தான் கிடந்தது. அவருடைய துணிமணியெல்லாம் வெளிநாட்டில் வெளுத்து வருவதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டவர் அவர்தான்.

மூன்று மணிக்கு அவருடைய செயலாளர் பின்வாசல் கதவைத் தட்டினார்.

"அம்மா, கோட்டு."

"தர முடியாது."

"இஸ்திரி முடியலையா?"

"காலையிலேயே முடிஞ்சுது. எங்க கடை வழக்கம் உங்களுக்குத் தெரியும்ல? துணிக்காரங்க முன்வாசல்ல நின்னு, பகல் வெளிச்சத்துல போட்டுப் பார்த்து, சரின்னாத்தான் கொண்டு போகலாம். முப்பது வருஷமா அப்படித்தான். இன்னிக்கு வாசல்ல வெளிச்சம் இல்ல. மலைதான் இருக்கு."

செயலாளர் கைபேசியை அவள் காதில் வைத்தார்.

"அக்கா, விளையாடாதே. கோட்டைக் குடுத்துவிடு."

"கோட்டுப் பாக்கெட்ல கொடி பேட்ஜ் கிடந்துதுடா. நெஞ்சுல குத்தவேண்டியதைப் பாக்கெட்ல ஏன் போட்டு வச்சிருக்கே?"

"ஊசி குத்துது."

"ஊசியா, வெட்கமா?"

அக்கா கைபேசியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"இதே வாசல்ல உக்காந்து பாடம் படிச்சவன் நீ. இதை மறைக்க மான் வேணுமா உனக்கு?"

"அவங்க ஊர்த் தெருவெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும்க்கா. இங்க குழியும் குப்பையுமா…"

"ஆமா, குழிதான். மறைச்சு வச்ச குழியை எவன் வந்து மூடுவான்? ஊரைப் பார்த்து நீ நெளிஞ்சா, உன் கீழ இருக்கவன் மண்வெட்டியைத் தொடுவானா? நம்மளுதுன்னு ஒரு கெத்து இருந்தாத்தான் அழுக்கைப் பார்த்தா கோபம் வரும். நீயே வந்து வாங்கிக்கோ."

மூன்றரைக்குப் பிரதமர் வந்தார். அவரும் பின்வாசல் வழியாகத்தான். சட்டையோடு, தலை கலைந்து, அடி வாங்கிய பையன் மாதிரி முன்வாசலுக்கு நடந்தார். எதிரே அருவி. கடைக்குள் கும்மிருட்டு. கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"இருட்டுல எல்லாமே நல்லாத்தான் இருக்கும். கழட்டு."

பிரதமர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு செயலாளரைப் பார்த்தார்.

"கடை வாசல்ல மட்டும் திரையை விலக்குங்க."

"சார், மொத்தமும் ஒரே கயிறு. இங்க அவிழ்த்தா…"

"அவிழ்த்துடுங்க."

அவிழ்த்தார்கள். மலை சரிந்தது, மான்கள் குப்புற விழுந்தன, அருவி நடுரோட்டில் போய்ப் படுத்தது. முடிவெட்டும் கடை, சைக்கிள் கடை, மாடியில் காயும் துணி, வாசலில் பல்லிளிக்கும் குழி, எல்லாம் பளிச்சென்று வெளியே வந்தன. அந்த நேரம் பார்த்து ஜனாதிபதியின் கார் வந்துவிட்டது. விழுந்து கிடந்த அருவியைத் தாண்ட முடியாமல் நின்றது. அவர் இறங்கி, செயலாளர் காதில் ஏதோ கேட்டார்.

செயலாளர் பிரதமர் பக்கம் திரும்பினார். "சார், அந்தக் கோட்டுக் கழுத்தை இவ்வளவு அழகா மடிச்சது எந்த நாட்டு ஆளுன்னு கேக்கறார்."

அக்கா பெட்டியைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டாள். தம்பி வாயிலிருந்து எந்த நாடு வரப்போகிறதோ என்று கைத்துணி ஒரே இடத்தையே தேய்த்தது.

பிரதமர் பாக்கெட்டில் கைவிட்டார். கொடி பேட்ஜை எடுத்து நெஞ்சில் குத்தினார். கோணலாகத்தான் குத்தினார்.

"எங்க நாட்டு ஆள்தான்னு சொல்லுங்க. என் அக்கா. நான் பிறந்தது இந்தத் தெருவுல."

ஜனாதிபதி தலையாட்டினார். அப்புறம் குழியைக் காட்டினார்.

"அதுவும் எங்களுதுதான்" என்றார் பிரதமர். குரல் கொஞ்சம் இறங்கியது, ஆனால் நின்றுவிடவில்லை. "நீங்க அடுத்த தடவை வர்றப்ப அது இருக்காது."

"நாலு பேர் கேட்டுட்டோம்" என்று முடிவெட்டும் கடையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அக்கா வந்து பேட்ஜை நேராக்கினாள். "இப்பப் போ. வெளிச்சத்துல பார்த்தாச்சு." பிறகு விருந்தாளியைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை அளந்தாள்.

"செயலாளர் தம்பி, இவரை அந்தக் கோட்டைக் கழட்டச் சொல்லுங்க. முதுகெல்லாம் கார் சீட்டு மடிப்பு. பத்து நிமிஷம் ஆகும்."

"அம்மா, விருந்துக்கு நேரமாச்சு."

"நம்ம தெருவுக்கு வந்த மனுஷன் கசங்கின கோட்டோட போறதா?"

பிரதமர் ஒரு ஸ்டூலை இழுத்து விருந்தாளிக்குப் போட்டார். கால் ஆடுகிற ஸ்டூல். ஆடுகிற பக்கம் எது என்று அவருக்குத் தெரியும்; அந்தக் காலுக்கு அடியில், விழுந்து கிடந்த துணி மானை மடித்துச் செருகினார்.