கஸ்டமர் திட்டினால்

சத்யநாராயணன் சார் போர்டில் எழுதியதைப் பார்த்துப் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். 2007-இல், கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் நடந்த கால் சென்டர் பயிற்சியின் கடைசி நாள் அது.

"சிரிக்காதீங்க. அமெரிக்காக்காரன் திட்டுனா, என்ன திட்டுறான்னு புரியணும். 'பிஸ்ட் ஆஃப்'னா மூத்திரம் இல்ல, செம கடுப்புல இருக்கான்னு அர்த்தம். 'ஸ்க்ரூடு அப்'னா, காரியத்தக் கெடுத்துட்டீங்க."

இசைவாணிக்குச் சிரிப்பு வரவில்லை. பி.எஸ்சி. முடித்து வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு வந்த முதல் வேலை வாய்ப்பு இது. சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

அடுத்தது 'சன் ஆஃப் எ பிட்ச்'. அவளே தோழிகளிடம் விளையாட்டாகச் சொன்னதுதான்.

"நம்மூர்ல தேவடியா மவனேம்பான்ல, அதான். கோவத்துல வர்றது, வேற ஒண்ணுமில்ல."

"அப்ப அம்மாவ ஏன் சார் இழுக்கணும்?"

கேட்ட பிறகுதான் தன் குரல் உயர்ந்திருந்தது அவளுக்கே தெரிந்தது. வகுப்பு திரும்பிப் பார்த்தது.

"அர்த்தத்தப் பாக்காதம்மா. யூசேஜ மட்டும் பாரு."

அம்மா ராசம்மாள் சிதம்பரத்தில் ஒரு மெஸ்ஸில் சமைக்கிறாள். சாம்பாரில் உப்பு கூடினால் முதலாளி அந்த வார்த்தையின் முதல் பாதியைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவார். ஒரு தடவை, சாப்பாட்டுக்கூடை வாங்கப் போன இசைவாணி வாசலிலேயே நின்று கேட்டிருக்கிறாள். அம்மா தலை நிமிராமல் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒத்திகை. சார் கஸ்டமராகி, கற்றுக்கொடுத்த எல்லாவற்றையும் சேர்த்து அவளைப் பார்த்துக் கத்தினார்.  அவள் குரல் பிசகவில்லை. "சாரி ஃபார் த இன்கன்வீனியன்ஸ், சார்" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். "நீ செலக்ட் ஆன மாதிரிதான். சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணுவாங்க, ஓகே சொல்லிடு" என்றார் சார்.

பஸ்ஸில் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலோரம் கிடைத்தும் எழுந்து முன்னால் போய் நின்றாள். புதுச்சத்திரம் தாண்டியும் அந்தக் கைதட்டல் காதிலேயே இருந்தது.

வீட்டில் ராசம்மாள் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு என்னா சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரு என்னா திட்டுனாலும் கோவப்படக் கூடாதாம்."

அம்மா சிரித்துவிட்டாள். "அதுக்கா கடலூரு வரைக்கும் போன? எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனே."

இசைவாணியால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. வாசலுக்கு வந்தாள். கையிலிருந்த செல்போன் அடித்தது. கடலூர் நம்பர்.

"எடுத்துப் பேசேன்டி" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

போன் அவள் உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. உள்ளே அம்மா அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். உமி வெளிச்சத்தில் எழும்பி, அம்மாவின் தலைமுடியிலேயே வந்து படிந்தது.