மூன்று நிமிடமும் மேனேஜரின் சட்டைக் கையும்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் அண்ணியுடையது. பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறார். ஞாயிறு மதியம் பட்டாணி உரித்தபடி அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன். முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'நீராவி படர்ந்த கூடத்தில், அடிமைப்பட்ட பதினொரு பெண்கள்…'

அண்ணி எட்டிப் பார்த்தார். "யாரு அடிமை? ஒழுங்கா எழுதுறதுன்னா எழுது."

அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

நடந்தது இதுதான். சங்கத்தில் சேர்ந்ததற்காக யாரையும் வேலையை விட்டு நீக்கக் கூடாது, சங்கம் கூப்பிட்டால் நிர்வாகம் உட்கார்ந்து பேசியே ஆகவேண்டும் என்று ஒரு மசோதா வந்தது. மக்கள் கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். சலவைக்கூடத்தின் மற்ற பத்துப் பேரும் அண்ணியைக் கைகாட்டினார்கள்.

(போன வருடம் சங்கம் என்று வாயெடுத்த இரண்டு பேருக்கு மறுநாளே வேலை போயிற்று. இதை அடைப்புக்குறிக்குள் ஒளித்தது என் கோழைத்தனம்.)

"மூணு நிமிஷமா?" என்றார் அண்ணன். "உனக்குத் தொண்டையைச் செருமவே பத்தாதே!"

3

அண்ணி மேடையேறினார். முன்வரிசையில் மேனேஜர்.

[இங்கே அவருக்கு ஒரு முறுக்கு மீசை வைத்திருந்தேன். "அவருக்கு மீசையே கிடையாது, எதிர்ல வந்தா வணக்கம் சொல்ற மனுஷன்," என்று அண்ணி எடுக்கவைத்தார்.]

அண்ணி படிக்கப் பார்த்தார். கையிலிருந்த தாளில் எழுத்துகள் நீந்தின. அரை நிமிடம் போயே போய்விட்டது. தாளை நான்காக மடித்தார்.

"எங்க மேனேஜர் சார் முன்னாடி உக்காந்திருக்கார். அந்தச் சட்டை நான் தேய்ச்சது. இடது கையில ஒரு சுருக்கம் விட்டுப்போச்சு, மன்னிச்சிடுங்க சார்."

மேனேஜர் சட்டைக் கையைத் திருப்பிப் பார்த்தார். அரங்கம் சிரித்தது.

"பாருங்க, என் தப்பைச் சொல்ல எனக்குப் பயமில்ல. ஆனா விரிப்பு தேய்க்கிற சூட்டு உருளையில கை மாட்டாம இருக்க முன்னாடி வச்சிருக்கிற தடுப்புக் கம்பி உடைஞ்சு மூணு வாரமாச்சு. அதைச் சொல்ல எங்க பதினொரு பேருக்கும் பயம். சொன்னா சங்கம் பேசுறான்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்களோன்னு. இந்தப் பயம் போறதுக்குத்தான் சட்டம்னா, சீக்கிரம் போடுங்க."

இன்னும் ஒரு நிமிடம் மிச்சமிருந்தது. அண்ணன் சத்தியமாக நம்பவில்லை.

4

மறுநாள் காலை நடந்ததற்கு இரண்டு வரைவு எழுதினேன். ஒன்றில் வேலை போனது. ஒன்றில் அண்ணி கழுத்தில் மாலை விழுந்தது. இரண்டும் பொய்.

மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அண்ணி போனார். உருளையருகே இரண்டு பேர் புதுக் கம்பியை முடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இது உடைஞ்சதை ஏம்மா யாரும் எங்கிட்ட சொல்லல?"

"அதைத்தான் சார் நேத்து ரெண்டு நிமிஷம் சொன்னேன்."

மேனேஜர் புதுக் கம்பியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மதியச் சாப்பாட்டு வேளையில் பதினொரு பேரும் சங்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சட்டம் இன்னும் வரவில்லை. ஒரே பேனாதான், அதுவும் பாதியில் எழுதாமல் நின்றது, உதறி உதறிப் போட்டார்களாம்.

5

மசோதா மீதான வாக்கெடுப்பு வியாழக்கிழமை. கதை செவ்வாயே அச்சுக்குப் போகிறது. 'மசோதா நிறைவேறியது' என்று எழுதப்போனேன்.

"நடக்காததை எழுதாதே, எழுத்தாளரே," என்றார் அண்ணி.

எனவே இடம் விட்டிருக்கிறேன். செய்தி வந்ததும் நீங்களே நிரப்புங்கள்: (                    )

பென்சிலால் எழுதினால் நல்லது. தோற்றால் மறுபடி கொண்டுவந்து, கருத்துக் கேட்கக் கூட்டமும் போடுவார்களாம். அந்தக் கூட்டத்தில் பேச அண்ணி இப்போதே பெயர் கொடுத்துவிட்டார். இந்தத் தடவை ஆறு நிமிடம் கேட்டிருக்கிறார்.