ஆறுக்குட்டியின் மூக்கு

தெய்வம்மாவின் மேல் நாற்றம் அடிக்கிறது என்று முதலில் சொன்னவன் அவள் புருஷன் ஆறுக்குட்டி. வேறு எவன் சொல்லியிருந்தாலும் விளக்குமாறுதான் பதில் சொல்லியிருக்கும். ஆனால் அந்த மூக்கை நம்பித்தான் ஊட்டிப் பக்கம் இத்தலாருக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரியே ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே அவனுக்கு இலையைப் புளிக்க வைக்கும் பர்மெண்டிங் ரூமில் வேலை. அரைபட்ட இலையைத் தரையில் பரப்பி வைப்பார்கள். பச்சை வாசம் போய்ப் பழ வாசம் ஏறும்போது அள்ளி அடுப்புக்கு விட வேண்டும். முந்தினால் கசப்பு, பிந்தினால் குப்பை. சுவரில் கடிகாரம் சும்மா தொங்கும். ஆறுக்குட்டி குனிந்து ஒரு பிடி மோந்து பார்த்து, "அள்ளுங்கடா" என்றால் அள்ளுவார்கள்.

தேயிலை விலை தரையில் விழுந்து கிடந்த காலம் அது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று சிறு தோட்டக்காரர்கள் பச்சை இலையை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். மழையில் ஊறி அழுகி, பஸ் ஸ்டாப்பில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடியும். அந்த நாற்றத்துக்கு நடுவிலும் கட்டினவளின் நாற்றத்தைத் தனியாகப் பிரித்தெடுத்தான் பாருங்கள், அப்பேர்ப்பட்ட மூக்கு.

ஒரு மத்தியானம் அவள் குனிந்து ரசம் ஊற்றினாள். அவன் முகத்தைப் பின்னால் இழுத்தான்.

"என்ன புள்ள இது, எலி செத்து வெந்த மாதிரி?"

அவள் சட்டியை மோந்தாள். ரசம் ரசமாகத்தான் இருந்தது. அவன் சுவரையே வெறித்தபடி எதையோ சப்புவதுபோல உதட்டைச் சப்பினான். பிறகு தெளிந்து, "சட்டியில இல்ல. உம்மேலதான்" என்றான்.

அன்று பிடித்தது சனி. அந்தக் குளிரில் காலையும் மாலையும் தலைக்கு ஊற்றினாள். சீயக்காய், மஞ்சள், வேப்பிலை வேகவைத்த தண்ணீர் என்று எதையும் விடவில்லை. தோல் வெடித்து ரத்தம் கசிந்தது. அவன் பாயைத் தூக்கி முன்னறையில் போட்டுக்கொண்டான். தின்றது தங்காமல் கக்கூசுக்கு ஓடினான். திடீர் திடீரென்று முகமும் கழுத்தும் வெந்நீர் பட்டதுபோலச் சிவந்தன. அதற்கும் அவள் சமையலைத்தான் சொன்னான்.

ஃபேக்டரியிலும் நல்ல இலையை நாறுகிறது என்று குவியல் குவியலாக வெளியே தள்ளச் சொன்னான். முதலாளிக்குக் கொண்டாட்டம். விற்காத தேயிலைக்கு எதற்கு இலை? "ஆறுக்குட்டி நாத்தம்னா நாத்தம்தான்" என்று தோட்டக்காரர்களைத் திருப்பி அனுப்ப ஒரு சாக்குக் கிடைத்தது.

கூட வேலை செய்த பாலன் மட்டும், "எனக்கு ஒண்ணும் தெரியலையேண்ணா" என்றான்.

"பீடி நாத்தம் தவிர உனக்கு என்னடா தெரியும்? எம் பொண்டாட்டி மேல அடிக்கறது துணியில ஒட்டிட்டு இங்கயும் வருது."

இப்படித்தான் அது வீட்டைத் தாண்டியது. ஆறுக்குட்டியின் அக்கா சின்னம்மை அடுத்த லைன் வீட்டில் இருந்தாள். வந்தாள், சுற்றி வந்து மோந்து பார்த்தாள்.

"எனக்கும் லேசாத் தெரியுது அம்மிணி. உள்ளுக்குள்ள எதோ அழுகுது. பொம்பளைச் சீக்கு. நாலு பேருக்குத் தெரியறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிரு."

அந்த நாலு பேருக்கும் வரும் வழியிலேயே சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். பிறகு குழாயடியில் எல்லோருக்கும் நாற்றம் தெரிந்தது. கொழுந்து பறிக்கும்போது தெய்வம்மாவின் நிரைக்கு இரண்டு பக்கமும் ஆள் இல்லாமல் கிடந்தது. அவள் கொடுத்த டீயை யாரும் தொடவில்லை. அவளே தன் கையை மோந்து மோந்து பார்த்து, கடைசியில் தன் உடம்பையே அருவருக்கத் தொடங்கினாள்.

"சரியாகலைன்னா உங்கண்ணன் ஊட்டுக்கே போயிரு" என்றான் ஆறுக்குட்டி. "என்னால ஒரு வாய் சோறு திங்க முடியல."

ஊட்டியில் ஒரு லேடி டாக்டரிடம் போனார்கள். தெய்வம்மா ஏமாற்றிவிடக் கூடாதென்று சின்னம்மையும் கூடவே வந்தாள். திரைக்குப் பின்னால் மேசையில் காலை விரித்துக்கொண்டு படுத்திருந்தபோது, செத்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

டாக்டர் கை கழுவிவிட்டு வந்தார். "இவங்களுக்கு ஒண்ணும் இல்ல. தேய்ச்சுத் தேய்ச்சுத் தோல்தான் புண்ணாயிருக்கு."

"நல்லாப் பாருங்கம்மா" என்றாள் சின்னம்மை. "எந் தம்பி மூக்கு பொய் சொல்லாதுங்க."

டாக்டர் ஆறுக்குட்டியைப் பார்த்தார். "எப்பவும் அடிக்குதா?"

"வந்து வந்து போகுங்க."

"இவங்க பக்கத்துல இல்லாதப்போ?"

அவன் முகத்தைச் சுளித்தான். "இந்தா, வந்துருச்சு" என்றான். அவ்வளவுதான். கண் ஒரே இடத்தில் நின்றது. உதடு சப்பியது. விரல்கள் சட்டைப் பொத்தானைப் பிய்ப்பதுபோல நோண்டின. கூப்பிட்டதற்கு ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு, "என்னங்க கேட்டீங்க?" என்றான்.

டாக்டர் அவன் கழுத்தின் சிவப்பைப் பார்த்தார். "வயித்தால போகுதா?"

"இவ சமையலுங்க…"

"சமையல விடுங்க. நாளைக்கே கோயமுத்தூர் போங்க. தலைக்கு ஸ்கேன் எடுக்கணும்."

கோயம்புத்தூரில் எடுத்த படங்களைப் பார்த்து அங்கிருந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நுரையீரலில் தொடங்கிய கட்டி. ரத்தத்தில் ஒருவிதச் சுரப்பைக் கலந்துவிடும் ஜாதி. முகம் சிவப்பதும் வயிறு போவதும் அதனால்தான். மெதுவாக வளரும், ஆனால் சும்மா இருக்காது. ஈரலுக்குப் போய்விட்டது. தலைக்கு ஏறுவது அபூர்வம், இவருக்கு ஏறிவிட்டது. வாசத்தை அறிகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

"மூக்குல கோளாறு இல்ல. கட்டி அந்த எடத்தை உசுப்பறப்போ இல்லாத நாத்தம் அடிக்கற மாதிரி இருக்கும். அதுவும் ஒரு வலிப்புதான்."

தெய்வம்மாவுக்கு முதலில் தோன்றியது 'ஐயோ' அல்ல. 'அப்போ நான் நாறலை' என்பதுதான். புருஷன் தலைக்குள் எமன் குடியிருக்கிறான், தனக்கு வந்த நினைப்பு இது என்று அடுத்த கணமே தன்மேலேயே வெறுப்பு வந்தது. படங்களை உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டாள்.

கட்டியைக் கருக்கத் தலைக்குக் கரண்ட் என்கிற கதிர் வைத்தார்கள். வலிப்புக்கு மாத்திரை, சுரப்பை அடக்க ஊசி. கட்டி கொஞ்சம் அடங்கியது, நாற்றமும் நின்றது. எத்தனை நாளைக்கு என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அவள் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பாக்க வர்றவங்க முன்னால ஒரு வார்த்தை சொல்லீருங்க. நாத்தம் எம்மேல இல்லைன்னு. நாளைக்கு நீங்க இல்லாட்டியும் நான் இவங்க நடுவுலதானுங்க கெடக்கணும்."

முடி கொட்டிய தலையைக் கம்பியில் சாய்த்து, "சொல்றேன் புள்ள" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பாலன், ஃபேக்டரி ஆட்கள் இரண்டு பேர், ஆரஞ்சுப் பழத்தோடு சின்னம்மை. தெய்வம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். டம்ளர்கள் வைத்த இடத்திலேயே ஆறின. சின்னம்மையின் முந்தானை தன்பாட்டுக்கு மூக்குக்குப் போனது.

ஆறுக்குட்டி சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தான். "எல்லாரும் கேட்டுக்கங்க. நாத்தம் எந் தலைக்குள்ள இருந்துச்சு. இவ மேல ஒரு நாளும் இல்ல. நாந்தான் இல்லாததச் சொல்லி இவ மானத்த வாங்கிட்டேன். டீயக் குடிங்க."

 பாலன் டம்ளரை எடுத்தான். சின்னம்மை நாக்கைச் சப்புக்கொட்டினாள்.

"பாவம், தலைக்குள்ள கட்டி இருக்கறவன். என்ன பேசறோம்னு அவனுக்கே தெரியுமா? நீ படு சாமி."

பாலன் எடுத்த டம்ளரை மெல்லக் கீழே வைத்துவிட்டான். அதைப் பார்த்ததும்தான் தெய்வம்மாவுக்கு உள்ளே ஏதோ அறுந்தது.

"எந்திரிங்க நங்கை" என்றாள் நாத்தனாரிடம்.

"ஏனம்மிணி?"

"கட்டி முத்திக் கெடந்தப்ப நாறுதுன்னாரு, நம்புனீங்க. இப்பத் தெளிஞ்சு இல்லைங்கறாரு, பைத்தியங்கறீங்க. எந்திரிங்க. பாலா, நீயும்தான்."

சின்னம்மை தம்பியைப் பார்த்தாள். "பாருடா உம் பொண்டாட்டிய!"

"வாசப்படி பார்த்து எறங்குக்கா, வழுக்கும்" என்றான் ஆறுக்குட்டி.

போனார்கள். தெய்வம்மா டம்ளர்களை அள்ளிக்கொண்டு வெளியே வந்து ஒவ்வொன்றாகச் சாக்கடையில் கவிழ்த்தாள். குழாயடியில் சின்னம்மை அதற்குள் நாலு பேரைச் சேர்த்துவிட்டாள். பேச்சு இங்கே கேட்கவில்லை, கை ஆடுவது தெரிந்தது. தெய்வம்மா அவர்கள் பார்க்கும்படியாகக் காறித் துப்பினாள்.

உள்ளேயிருந்து, "எனக்கும் சேர்த்தா ஊத்திட்டே புள்ள?" என்று குரல் வந்தது.

"கத்தாதீங்க. தண்ணி கொதிக்க வேண்டாமா?" என்றாள்.