இல்லாத பெயருக்கு வந்த பதில்

சவுரிமுத்துவுக்குக் கப்பலில் சமையல் வேலை உறுதியான மெயில் தொலைந்துபோனது தெரிந்த அன்றே ஜெரூஷாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் நாவலூர் அலுவலகம் அது. மெயில் சர்வர் அவள் பொறுப்பு. வெளியிலிருந்து மூன்று நாள் வந்த மெயில் அத்தனையையும் குப்பையென்று அழித்திருந்தது அவள் அமைத்த ஸ்பாம் ஃபில்டர்தான். சவுரிமுத்து அவள் மேஜை முன்னால் வந்து நின்றார். "ரெண்டு வருசமா காத்துகினு இருந்தேம்மா" என்றார். மேலாளர் சுந்தரராமன் ஊழியர்கள் நாற்பது பேருக்கும் எழுதினார்: 'ஜெரூஷாவின் அலட்சியத்தால்.' இணைய இணைப்புக் கம்பெனியின் பிரசன்னா அவரிடம், "லைன் பக்காவா கீது சார். உங்க மேடத்துக்குத்தான் வேல தெரியல" என்று சொன்னதும் அவள் காதுக்கு வந்தது.

நான்காம் நாள், சேலையூர் வீட்டில், வங்கியின் இணைய முகவரியை ஓர் எழுத்து தவறாக அடித்தாள். அப்படி ஒரு தளமே இல்லை என்று வந்திருக்க வேண்டும். மெத்தை விளம்பரம் வந்தது. மூலையில் பிரசன்னா கம்பெனியின் முத்திரை. அவள் வீட்டிலும் அதே இணைப்புதான்.

ஜெரூஷா எழுந்து நின்றுவிட்டாள். மெயில் வரும்போதெல்லாம் ஃபில்டர் வெளியே ஒரு பட்டியலில் கேட்கும், இதை அனுப்பியவர் மோசடிக்காரரா என்று. நல்லவர் என்றால் 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்று பதில் வரும். அந்த 'இல்லை'யைத்தான் கம்பெனி நடுவில் பிடுங்கிக்கொண்டு, தன் விளம்பரப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்திருக்கிறது. எந்த முகவரி பதிலாக வந்தாலும் ஃபில்டருக்கு அது 'ஆமாம்'. உலகத்தில் எல்லோரும் மோசடிக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

பிரசன்னாவுக்கு ஃபோன் செய்து, இதை எழுதித் தரச் சொன்னாள். "நாங்க எதையும் மாத்தல மேடம்" என்று வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் புதுப்பிக்க அவன் வருவது தெரிந்து, சுந்தரராமனிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கினாள். கூட்ட அறையில் மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பி, கைப்பேசியில் வீடியோ பதிவைத் தொடங்கினாள்.

"இல்லாத பேரு ஏதாவது அடிங்க. உங்க பேரையே அடிங்களேன். பிரசன்னா பொய் சொல்ல மாட்டார், டாட் காம்."

அவன் சுந்தரராமனைப் பார்த்தான். பிறகு அடித்தான். மெத்தை வந்தது.

"மேலிடத்துல மாத்தினாங்க சார். சொல்லக்கூடாதுன்னாங்க" என்றவன் அவளிடம், "ஆனா மேடம், பேரைத் தேட எங்களை நம்பாம, சர்வருக்கு நீங்க தனியா ஒரு டிஎன்எஸ் வெச்சிருக்கணும்" என்றான்.

அது உண்மை. மெத்தை விளம்பரத்தைப் பார்த்த நாளிலிருந்து அவளைத் தூங்கவிடாத உண்மை. பதிவை அவன் தலைமையகத்துக்கும், சேலையூரிலிருந்து கீழ்க்கட்டளை வரை அவன் கம்பெனி இணைப்பு வைத்திருந்த, அவளுக்குத் தெரிந்த அலுவலகங்களுக்கும் அனுப்பினாள்.

"வேலை போயிடும் மேடம்."

"எனக்குப் போச்சே."

சுந்தரராமன் தொண்டையைக் கனைத்தார். "திங்கட்கிழமை வந்துடும்மா."

"மொதல்ல மெயில் போடுங்க சார். அதே நாப்பது பேருக்கு. நான் சொல்றேன், நீங்க அடிங்க."

அவள் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். 'என் தவறு' என்ற இடத்தில் விரல் நின்றது. அவள் காத்திருந்தாள். அடித்தார். சவுரிமுத்து ஏற வேண்டிய கப்பல், அவரில்லாமல், அதற்குள் கொழும்பைத் தாண்டியிருக்கும்.

ஜன்னலுக்குக் கீழே பிரசன்னாவின் பைக்கை நாலைந்து வண்டிகள் அடைத்து நின்றிருந்தன. வெயிலில் ஒவ்வொன்றாகத் தூக்கி நகர்த்திக்கொண்டிருந்தான். கடைசி வண்டி பூட்டியிருந்தது. அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு அவன் அண்ணாந்து பார்த்தான். ஜெரூஷா ஜன்னலைவிட்டு நகரவில்லை.