இரண்டு அங்குல உயரம்

"அப்பா, வண்டி இவ்வளவு ஒசரமாயிட்டா அம்மா எப்படி ஏறுவா?"

இதைக் கேட்டபோது சிக்னிக்கு ஏழு வயது. அவளுடைய அப்பா ஆரின் சாப்பாட்டு மேசையில் ஒரு விலைப்பட்டியல் புத்தகத்தை விரித்துவைத்து, ஆறு அங்குலம் தூக்கிப் பெரிய டயர் மாட்டிய பிக்கப் ஒன்றின் படத்தில் மயங்கிக் கிடந்தார். அவளுடைய அம்மா மார்லிஸ் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. "ஏணி வச்சு ஏறுவேன்டி" என்று அவள் அடுப்படியிலிருந்து சிரித்தாள். ஆரின் புத்தகத்தை மூடிவிட்டார். அப்புறம் பதினெட்டு வருஷம் அதைத் திறக்கவில்லை.

இப்போது மார்லிஸ் இல்லை. பிப்ரவரியில் அடக்கம் செய்தார்கள். ஏப்ரலில் பனி உருகி, வீட்டுக்கு வரும் மண்பாதை களியாகிவிட்டது. வண்டியின் வயிறு நடு மேட்டில் தட்டி, ஒரே வாரத்தில் இரண்டு தடவை நின்றுபோனது. மண்வெட்டியால் தோண்டி வெளியே எடுத்தார். கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. கை கழுவிக்கொண்டிருந்தபோது, 'இனி வண்டியைத் தூக்கிவிடலாம், தடை ஒன்றும் இல்லை' என்று தோன்றியது. பல் வைத்தியர் ஊசி போட்டு மரத்துப்போன கன்னத்தைத் தானே தடவிப் பார்ப்பதுபோல இருந்தது அந்த நினைப்பு.

அடக்கத்துக்கு வந்த சபையார் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்கள் இருபத்து மூன்று. ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டுத்தாளில் வீட்டுக்காரர் பெயர். ஆரின் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, பெயர் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். திருப்ப முடியாத உதவி ஒன்றுதான். அதற்கு அடியில் பெயர் இல்லை.

உயிரோடு இருந்தபோது மார்லிஸுக்கு வாரம் மூன்று நாள் சிகிச்சை. அறுபது மைல் போகவேண்டும். மொன்டானா குளிரில், பனி தள்ளும் ஆரினின் டிராக்டர் உயிர் பெறவே ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் டிசம்பர் முதல், சிகிச்சை நாட்களில் அவர்கள் எழுந்து பார்க்கும்போது அரை மைல் பாதையும் பனி தள்ளிச் சுத்தமாக இருக்கும். யார் என்று தெரியாது. தடம் மட்டும் கிடக்கும். தேய்ந்த டயரின் தடம். அதன் ஓரத்தில் எட்டடிக்கு ஒரு தடவை, டயரில் புடைத்திருக்கும் ரப்பர் பட்டன் ஒன்றின் அச்சு விடுபட்டிருக்கும், பல் போன ஈறு மாதிரி. "யாருன்னு கண்டுபிடிங்க. ஒரு கைம்மாறு செய்யாம விடக்கூடாது" என்று மார்லிஸ் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆரின் சரி என்றார். கண்டுபிடிக்கவில்லை.

வேட் வைத்திருக்கும் வண்டிப் பட்டறைக்கு ஆரின் ஒரு செவ்வாய்க்கிழமை போனார். வேட் நாற்பது வயதுக்காரன், சபையில் தாழ்ந்த குரலில் பாடுகிறவன்.

"ஆறு அங்குலம். முப்பத்தேழு அங்குல டயர்" என்றார் ஆரின்.

"ஆரின், நீங்க மாடு மேய்க்கப் போறீங்களா, நிலாவுக்குப் போறீங்களா?"

"ஆறு."

"அவ்வளவு தூக்கினா பின்னால பல்சக்கரம் மாத்தணும்."

"மாத்து."

"ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். அதையும் திருத்தணும். முகப்பு விளக்கு எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும்."

"விளக்க எறக்கி வச்சிடு."

"பெட்ரோல் குடிக்கும்யா!"

"குடிக்கட்டும்."

வேட் காகிதத்தில் எழுதுவதை நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தான். "உங்க சேத்துப் பாதைக்கு ரெண்டு அங்குலம், முப்பத்து மூணு டயர் தாராளம். அதுதான் என் புத்திக்குப் படுது. சரி, உங்க இஷ்டம். படி மாட்டணுமா?"

"யாருக்கு?"

வேட் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "உங்க பழைய நாலு சக்கரத்தையும் ரிம்மோட நான் எடுத்துக்கறேன். போன அக்டோபர்லதான் டயர் போட்டீங்க, புதுசு மாதிரி இருக்கு. அதக் கழிச்சாத்தான் இது உங்க கைக்கு அடங்கும்."

"எடுத்துக்கோ."

அவன் கணக்குப் போடட்டும் என்று ஆரின் சுவரோரம் நடந்தார். ஒவ்வொரு டயராகக் கை வைத்துப் பார்த்தார். சேற்றுக்குப் பெரிய கட்டை, பனிக்கு மெல்லிய கீறல். வரிசைக் கடைசியில், பஞ்சர் ஒட்டிய கிழட்டுச் சக்கரம் ஒன்று சாய்ந்திருந்தது. அதன் ஓரத்தை விரல் தடவியபோது ஓரிடத்தில் பள்ளம் தட்டியது. ஒரு பட்டன் வேரோடு போயிருந்தது.

குனிந்து மறுபடி தடவினார். அதே இடம், அதே ஓரம்.

"இது யாருது?"

"அதுவா? டயரா அது, மொட்டைத் தலை! நாலாவது தடவ ஒட்டறேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டற லியோனாவோடது. நாலும் இதே லட்சணம். புதுசு போடுன்னா, பேரன் பல்லுக்குக் கம்பி கட்டணுங்கறா."

ஆரின் நிமிரவில்லை. சிக்னியின் பள்ளி நாட்களில், ஒரு பனிக்காலத்தில் பஸ் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தது. பிள்ளைகள் முன்னால் அவர் லியோனாவைக் கன்னாபின்னாவென்று திட்டினார். வழுக்கும் சாலையில் அவள் மெதுவாக ஓட்டியிருந்தாள், அவ்வளவுதான். அதற்கு அவர் மன்னிப்புக் கேட்டதே இல்லை. சபையில் எதிரே வந்தால் தொப்பியைத் தொடுவதோடு சரி.

அந்த நேரம் பார்த்து லியோனாவே வந்துவிட்டாள். குட்டையான, தோள் அகன்ற பெண். அவளுடைய பழைய பிக்கப்பின் முன்னால் பனி தள்ளும் தகடு இன்னும் கழற்றாமல் இருந்தது.

"வேட், செத்துப்போச்சா பொழச்சுதா?"

"பொழச்சுது. நீங்கதான் அதக் கொன்னுட்டிருக்கீங்க."

அவள் சிரித்துக்கொண்டே திரும்பி ஆரினைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கி, "எப்படி இருக்கீங்க, ஆரின்?" என்றாள்.

"இருக்கேன்." பிறகு கேட்டார்: "லியோனா, பனி நேரத்துல எங்க பக்கம் வந்தீங்களா?"

"நானா? பதினொரு மைல் தாண்டி உங்க பக்கம் எனக்கென்ன வேலை? நீங்க அன்னிக்குத் திட்டினதுல இருந்து உங்க கேட்டப் பார்த்தாலே என் வண்டி தானா திரும்பிக்குது!"

வேட் விழுந்து விழுந்து சிரித்தான். லியோனா சக்கரத்தை உருட்டிக்கொண்டு வேகமாக வெளியே போனாள். அவள் காது சிவந்திருந்ததை ஆரின் பார்த்தார். செய்தது தான் என்று வெளியே தெரிவதை அவள் விரும்பவில்லை; இல்லை என்று அவள் சொன்னால் அது இல்லையாகவே இருக்கவேண்டும். ஆரினுக்கு அது புரிந்தது.

நன்றி சொல்லவேண்டிய இடத்தில் நெஞ்சு இன்னும் மரத்தே கிடந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. ஆனால் செய்யவேண்டியது என்ன என்பதில் குழப்பம் இல்லை. உள்ளே உணர்ச்சி வராத நாளிலும் கை சரியான காரியத்தைச் செய்ய ஆண்டவர் இடம் கொடுக்கிறார்.

"வேட், அந்தக் காகிதத்தக் கிழிச்சுடு. ரெண்டு அங்குலம் போதும். முப்பத்து மூணு டயர். பின்னால கெடக்கற இரும்பு ரிம்ல அதப் போடு. என் பழைய சக்கரம் எனக்கு வேணும்."

"எதுக்கு? ஊஞ்சல் கட்டவா?"

"எதுக்கோ."

"அப்பாடா, புத்தி வந்துச்சு" என்று வேட் புதுக் காகிதம் எடுத்தான்.

"படியும் மாட்டிடு."

"உங்க பக்கமா?"

"ரெண்டு பக்கமும்."

அடுத்த வியாழக்கிழமை பிற்பகல், லியோனா பள்ளிக்கூடத்து பஸ்ஸோடு போயிருந்த நேரத்தில், ஆரின் அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். அவளுடைய பிக்கப் கொட்டகையோரம் நின்றது. இரண்டு வண்டியும் ஒரே கம்பெனி, இரண்டுக்கும் சக்கரத்துக்கு ஆறு நட்டு; அவருடைய சக்கரம் அதில் பொருந்தும். எல்லோரும் வயலில் இருந்தார்கள். சாலையில் ஒரு வண்டி கூடப் போகவில்லை.

ஜாக்கியை ஒரு பலகை மேல் வைத்து, அவள் வண்டிக்குத் தன் பழைய சக்கரங்களை ஒவ்வொன்றாக மாற்றினார். முழங்கால் வலித்தது. நட்டுகளை எதிரும் புதிருமாக முறுக்கினார், பிறகு ஒரு சுற்று வந்து மறுபடி முறுக்கினார். நான்காவது சக்கரம் கழன்று வந்தபோது, பட்டன் போன பள்ளத்தில் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். கிழட்டுச் சக்கரங்களைத் தன் வண்டியின் பின்னால் ஏற்றினார். சீட்டு எதுவும் எழுதி வைக்கவில்லை.

திரும்பும்போது பஸ் வரும் சாலையை விட்டு, ஆற்றோரப் பாதையில் போனார். வண்டியின் வயிறு எங்கும் தட்டவில்லை. பின்னால் ஈர மண்ணில் புது டயரின் தடம் நீளமாக விழுந்துகொண்டே வந்தது. அந்த வட்டாரத்தில் யாருக்கும் அது இன்னும் பழக்கமில்லாத தடம்.